தடித்த எதிர்கால பாணி எழுத்துரு: டைட்டிலில் அழகு, மெனுவில் தடுமாற்றம். என்ன செய்யலாம்?

விண்கோடு:
வணக்கம் நண்பர்களே. 'தாரகை' என்று ஒரு சின்ன விண்வெளிப் பந்தய விளையாட்டை நானும் என் நண்பனும் சேர்ந்து செய்துகொண்டிருக்கிறோம். டைட்டிலுக்கு நல்ல தடியான, அகலமான, மூலைகள் மட்டும் லேசாக உருண்ட சதுர வடிவ ஃபான்ட் ஒன்றை எடுத்தேன். ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகள் மட்டும்தான் இருக்கின்றன. ஏ எழுத்துக்குக் குறுக்குக்கோடு கிடையாது, ஈ எழுத்து மூன்று தனித்தனிக் கோடுகளாக நிற்கும், ஓ எழுத்தைப் பார்த்தால் பழைய டிவி திரை மாதிரி இருக்கும். டைட்டிலில் வைத்ததும் அவ்வளவு பிடித்துப்போய் மெனு, செட்டிங்ஸ், ஸ்கோர், சுற்று நேரம், விளையாடும் முறை என்று எல்லா இடத்திலும் அதையே போட்டுவிட்டேன்.

ஆறு பேரிடம் விளையாடக் கொடுத்தேன். இரண்டு பேர் ஸ்கோரைப் பார்த்து 80-ஆ 88-ஆ என்று கேட்டார்கள். விளையாடும் முறை பக்கத்தை ஒருவர்கூட முழுதாகப் படிக்கவில்லை. சுற்று நேரம் ஓடும்போது எண்கள் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே இருக்கின்றன. இதற்கெல்லாம் மேலே, தமிழ்த் தலைப்புக்கு அதே பாணியில் நானே வரைந்த எழுத்துகளை ஒருவர் 'தாாகை' என்று படித்தார்.

ஃபான்ட் சரியில்லையா, நான் பயன்படுத்திய விதம் சரியில்லையா? இந்த ஃபான்டை விட மனசு வரவில்லை, அதனால்தான் கேட்கிறேன்.

எழுத்தாணி:
விட வேண்டாம். டைட்டிலில் அது உங்களுக்குக் கொடுத்த உணர்வு உண்மையானது, அதற்காகத்தான் அதை வரைந்திருக்கிறார்கள். இவை டிஸ்ப்ளே ஃபான்ட் வகை. ஒரு சொல், இரண்டு சொல், பெரிய அளவு, பார்த்தவுடன் ஒரு உலகத்துக்குள் இழுக்க வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. பத்தி படிக்கச் செய்வது வேறு வேலை, அதற்கு வேறு ஃபான்ட்.

ஏன் சிறியதாக்கினால் தடுமாறுகிறது என்று புரிந்துகொண்டால் எங்கே நிறுத்துவது என்று தானாகத் தெரிந்துவிடும். நாம் எழுத்தைக் கறுப்பை மட்டும் பார்த்துப் படிப்பதில்லை, எழுத்துக்குள் மாட்டிக்கொண்டிருக்கும் வெள்ளையையும் பார்த்துத்தான் படிக்கிறோம். 8-க்குள் இரண்டு வெள்ளைக் கட்டங்கள், 0-க்குள் ஒன்று. கோட்டைத் தடியாக்கத் தடியாக்க அந்த வெள்ளை சுருங்கும். உங்கள் ஃபான்டில் 8-இன் வெளிக்கோடும் 0-இன் வெளிக்கோடும் ஏறக்குறைய ஒரே உருண்ட சதுரம், இல்லையா? அப்படியானால் இரண்டையும் பிரித்துக் காட்டுவது நடுவில் போகும் ஒரே ஒரு பட்டைதான். 14 பிக்சல் அளவில் அந்தப் பட்டைக்கும் மேலும் கீழும் உள்ள வெள்ளைக்கும் ஒன்றிரண்டு பிக்சல்தான் மிஞ்சும், அதையும் திரை மங்கலாக்கிவிடும். சாதாரண ஃபான்டில் 8-க்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும், அந்த வெளிக்கோடே காட்டிக்கொடுத்துவிடும். எதிர்கால பாணியில் எல்லா எழுத்தையும் ஒரே பெட்டிக்குள் அடைப்பதால் அந்த உதவி போய்விடுகிறது. 0, ஓ, டி மூன்றும் ஒரு குடும்பம் ஆகிவிடும், 5-உம் எஸ்ஸும் இரட்டையர், 8-உம் பி-யும் அப்படியே.

எண்கள் ஆடுவதற்குக் காரணம் வேறு. உங்கள் ஃபான்டில் 1 ஒல்லி, மற்றவை அகலம். நேரம் மாறும்போது மொத்த வரியின் அகலமும் மாறுகிறது. எல்லா எண்ணுக்கும் ஒரே அகலம் தரும் 'டேபுலர்' எண்கள் ஃபான்டுக்குள் இருக்கிறதா என்று ஓப்பன்டைப் வசதிகளில் (ஃபான்டோடு சேர்ந்து வரும் கூடுதல் அமைப்புகள்) பாருங்கள், டிநம் என்ற பெயரில் இருக்கும். இல்லாவிட்டால் ஒவ்வொரு எண்ணையும் ஒரே அகலமுள்ள தனிக் கட்டத்துக்குள் வைத்து நடுவாக நிறுத்துங்கள், விளையாட்டு என்ஜினில் அது சுலபம்தான். அப்புறம் 0-க்குள் சாய்வுக்கோடு போடும் 'ஜீரோ' வசதியும் சிலவற்றில் உண்டு.

பழையபலகை:
எழுத்தாணி சொன்ன 'ஒரே பெட்டி' எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் சொல்லட்டுமா, எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

இத்தாலியில் டூரின் நகரில் நெபியோலோ என்ற அச்செழுத்து வார்ப்பகம் இருந்தது. அங்கே 1952-இல் அலெஸ்ஸாண்ட்ரோ புட்டியும் ஆல்டோ நோவரேஸேயும் மைக்ரோகிராமா என்ற எழுத்தை வெளியிட்டார்கள், பெரிய எழுத்துகள் மட்டும் கொண்டது. பத்து வருடம் கழித்து, 1962-இல், நோவரேஸே அதற்குச் சிறிய எழுத்துகளையும் பல தடிமன்களையும் சேர்த்து யூரோஸ்டைல் என்று விரித்தார். விண்கோடு சொல்லும் 'பழைய டிவி திரை' வடிவம் இதுதான். வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை, நடுவில் ஒன்று. கணிதத்தில் சூப்பர் எலிப்ஸ் என்பார்கள். டேனிஷ் அறிஞர் பீட் ஹைன் 1959-இல் ஸ்டாக்ஹோம் நகரின் ஒரு சதுக்கத்துக்கு இதே வகை வளைவைக் கொடுத்தார், அப்புறம் மேசைகளும் அந்த வடிவில் வந்தன. டிவி திரை, விமான ஜன்னல், வார்த்த பிளாஸ்டிக் பெட்டி என்று அந்தக் காலத்துப் புதுப் பொருள்கள் பலவற்றுக்கும் அதே உருண்ட மூலைதான். எழுத்தும் அதே அச்சில் வந்தபோது புதுமை என்று தோன்றாமல் எப்படி இருக்கும்?

1968-இல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்தில் விண்கலத் திரைகளில் யூரோஸ்டைலின் தடித்த அகல வடிவம் வந்தது. அதற்குப் பிறகு விண்வெளி என்றாலே இந்த எழுத்துதான் என்று கண் பழகிவிட்டது. ஆனால் இதற்கும் முன்னாலேயே, 1930-இல், அமெரிக்காவில் மோரிஸ் ஃபுல்லர் பெண்டன் வரைந்த பேங்க் கோதிக் சதுர மூலையோடு வந்துவிட்டது. பெயரிலேயே வங்கி இருக்கிறது, இன்றைக்குப் பார்த்தால் விண்வெளிப் படத்தின் போஸ்டர் நினைவுதான் வருகிறது.

இன்னொரு கிளையும் உண்டு. காசோலையின் அடியில் வரிசையாக விநோதமான எண்கள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அது இ-13பி. காந்த மையில் அச்சிட்டு இயந்திரம் படிப்பதற்காக 1950-களின் கடைசியில் உருவானது. 10 எண்கள், 4 குறிகள், மொத்தமே 14 வடிவங்கள்தான், எழுத்துகளே கிடையாது. சில இடத்தில் மட்டும் திடீரென்று கோடு தடிப்பதற்குக் காரணம், படிக்கும் முனையைக் கடக்கும்போது ஒவ்வொரு எண்ணும் தனித்தனி அலைவடிவம் தர வேண்டும் என்பதுதான். அந்த எண்களைப் பார்த்து 1960-களில் லியோ மேக்ஸ் முழு அகரவரிசையாக வரைந்தது வெஸ்ட்மின்ஸ்டர், 1970-இல் பாப் நியூமன், தேய்த்து ஒட்டும் எழுத்துத் தாள் நிறுவனமான லெட்ராசெட்டுக்குச் செய்தது டேட்டா 70. 'கம்ப்யூட்டர் எழுத்து' என்று உலகம் நம்பிய வடிவம் இப்படித்தான் பிறந்தது.

நள்ளிரவுக்குறி:
பழையபலகை, அருமையான பதிவு. ஆனால் நீங்கள் சொன்னதே என் வாதத்துக்குப் போதும். எதிர்காலம் என்று நாம் சொல்லும் வடிவம் 1952-இல் வந்தது. அதையே இன்னும் எத்தனை விளையாட்டில், எத்தனை டெக் நிறுவன லோகோவில், எத்தனை ஹெட்போன் பெட்டியில் பார்ப்பது? குறுக்குக்கோடு இல்லாத ஏ, மூன்று கோடு ஈ, இரண்டையும் பார்த்தாலே எனக்கு இப்போது எதுவும் தோன்றுவதில்லை. விண்கோடு தன் விளையாட்டுக்கு வேறு யாரும் எடுக்காத ஒன்றைத் தேட வேண்டும் என்றுதான் சொல்வேன். சாதாரண, மெல்லிய, அமைதியான எழுத்தை விண்வெளிப் படத்தின் மேல் வைத்துப் பாருங்கள், இன்னும் தூரமாகத் தெரியும்.

பழையபலகை:
உங்கள் சலிப்பு புரிகிறது. ஆனாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். பழகிய வடிவம் என்பதில் ஒரு லாபம் இருக்கிறது: அரை நொடியில் 'இது வேகம், இது இயந்திரம், இது விண்வெளி' என்று பார்ப்பவருக்குச் சொல்லிவிடும். பந்தய விளையாட்டின் பெயர்ப்பலகைக்கு அந்த அரை நொடிதான் கிடைக்கிறது. நீங்கள் சொல்லும் அமைதியான மெல்லிய எழுத்து ஒரு தனிமையான விண்வெளிக் கதைக்கு மிகப் பொருத்தம். மோதிக்கொண்டு பறக்கும் கப்பல்களுக்குத் தடிமன் வேண்டும்.

சலிப்பு வருவது எழுத்துருவை அப்படியே தட்டச்சு செய்து விட்டுவிடுவதால் என்று நினைக்கிறேன். அதை ஆரம்பமாக எடுத்துக்கொண்டு ஒன்றிரண்டு எழுத்தைத் தனக்கென்று மாற்றினால் அது அந்த விளையாட்டின் முகமாகிவிடும்.

நள்ளிரவுக்குறி:
கடைசியாகச் சொன்னதற்கு முழு சம்மதம். தட்டச்சு செய்ததை லோகோ என்று வைப்பதுதான் எனக்குப் பிரச்சினை.

வேகமானி:
நான் வாகன டாஷ்போர்டுத் திரைகளில் வேலை செய்பவன், அதனால் மெனுவுக்கும் ஸ்கோருக்கும் ஒரு தகவல் சொல்கிறேன். எம்ஐடியின் ஏஜ்லேப் ஆய்வுக்கூடமும் மோனோடைப் நிறுவனமும் சேர்ந்து செய்த ஓர் ஆய்வு 2012-இல் வந்தது. வாகனம் ஓட்டும் பாவனைக் கருவியில் ஆட்களை உட்கார வைத்து, திரை மெனுவை ஒருமுறை யூரோஸ்டைலிலும் ஒருமுறை ஃப்ரூட்டிகரிலும் காட்டினார்கள். ஃப்ரூட்டிகர் திறந்த வாயுள்ள எழுத்து, ஒவ்வொன்றும் தனி உருவம். ஆண்கள் திரையைப் பார்க்கச் செலவழித்த நேரம் ஃப்ரூட்டிகரில் சுமார் 10 சதவீதம் குறைந்தது. பெண்களிடம் அவ்வளவு வேறுபாடு தெரியவில்லை. அந்த 10 சதவீதம் சின்னதாகத் தோன்றலாம், ஆனால் சாலையிலிருந்து கண் விலகும் நேரம் அது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். யூரோஸ்டைல் இந்தக் குடும்பத்திலேயே நிதானமானது, எந்த எழுத்திலும் கோட்டை எடுத்துவிடவில்லை. அதற்கே இந்த நிலை என்றால், உங்கள் ஃபான்டைப் பந்தயம் ஓடிக்கொண்டிருக்கும்போது மூலையில் சிறியதாகப் படிக்கச் சொல்வது விளையாடுபவருக்குச் செய்யும் அநியாயம். ஸ்கோர், நேரம், எரிபொருள் மூன்றையும் உடனே மாற்றுங்கள். அதே சதுர வாடை வேண்டுமென்றால் எக்ஸோ 2, ரஜ்தானி இரண்டும் கொஞ்சம் சதுரமாகவும் படிக்க நன்றாகவும் இருக்கும், இரண்டும் கூகுள் ஃபான்ட்ஸில் இருக்கின்றன. டைட்டிலோடு சண்டை போடாது.

விண்கோடு:
எல்லோருக்கும் மிக்க நன்றி, ஒரே நாளில் இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. ஸ்கோருக்கு எக்ஸோ 2 போட்டுப் பார்த்தேன், எண் ஆட்டமும் நின்றது, 80-88 குழப்பமும் போனது.

இப்போது டைட்டில். ஆங்கிலத்தில் டி-ஏ-ஆர்-ஏ-கே-ஏ-ஐ. மூன்று ஏ. மூன்றுக்கும் குறுக்குக்கோடு இல்லை. எல்லாவற்றுக்கும் போட்டுவிடலாமா? போட்டால் சாதாரணமாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அப்புறம் வேகம் தெரிய வேண்டும் என்று முழுச் சொல்லையும் மென்பொருளில் 12 டிகிரி சாய்த்திருக்கிறேன், அது சரியா?

எழுத்தாணி:
குறுக்குக்கோடு இல்லாத ஏ எடுபட்டதற்கு மிகப் பெரிய உதாரணம் நாசாவின் 'புழு' லோகோ. 1975-இல் டான் அண்ட் பிளாக்பர்ன் என்ற வடிவமைப்பு நிறுவனம் செய்தது. 1992-இல் ஓய்வு கொடுத்தார்கள், 2020-இல் மறுபடி ராக்கெட் மேல் ஏறியது. நான்கு எழுத்தில் இரண்டு ஏ, இரண்டுக்கும் குறுக்குக்கோடு இல்லை. யாருக்கும் படிப்பதில் சிரமம் இல்லை, ஏனென்றால் அது எல்லோருக்கும் முன்பே தெரிந்த பெயர். அந்த எழுத்தின் உச்சியும் உருண்டது, பக்கத்து எழுத்தின் வளைவோடு சேர்ந்து ஒரே குழாயை வளைத்தது மாதிரி ஓடுகிறது. கோட்டை எடுத்ததற்கு அங்கே ஒரு காரணம் இருந்தது.

'தாரகை' புதுப் பெயர். படிப்பவர் முதல்முறையாக எழுத்துக் கூட்டப் போகிறார், அதுவும் ஆங்கில எழுத்தில் ஒரு தமிழ்ச் சொல். ஏழு எழுத்தில் மூன்று வெறும் கூரையாக நின்றால் அவர் ஊகிக்க வேண்டியது அதிகம். நான் செய்வதானால் முதல் ஏ-வுக்குக் குறுக்குக்கோடு கொடுப்பேன், அது எப்படிப் படிப்பது என்று சொல்லிக்கொடுத்துவிடும். பின்னால் வரும் இரண்டும் கோடு இல்லாமல் நிற்கட்டும். அல்லது முழுக் கோட்டுக்குப் பதிலாக நடுவில் ஒரு சின்னத் துண்டு, ஒரு நட்சத்திரப் புள்ளி அளவுக்கு. மூன்றையும் வரைந்து அந்தச் சொல்லைத் தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள்.

சாய்ப்பது பற்றி: மென்பொருளில் அப்படியே தள்ளிச் சாய்த்தால் உருண்ட மூலைகள் கெட்டுவிடும். வலது மேல் மூலையும் இடது கீழ் மூலையும் கூராக இழுபடும், மற்ற இரண்டும் மழுங்கும். வட்ட வடிவ எழுத்தில் இதுவே தெரியும், உங்களுடையதில் இன்னும் பளிச்சென்று தெரியும், ஏனென்றால் இந்தப் பாணியின் அழகே நான்கு மூலையும் ஒத்திருப்பதில்தான் இருக்கிறது. ஃபான்டோடு சாய்ந்த வடிவம் வந்திருந்தால் அதை எடுங்கள். இல்லாவிட்டால் சாய்த்தபின் உட்கார்ந்து ஒவ்வொரு மூலையையும் கையால் திருத்த வேண்டும். ஏழு எழுத்துதான், ஒரு மாலை நேரம் போதும்.

மூன்றுசுழி:
தமிழ்த் தலைப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று காத்திருந்தேன், எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான்.

'தாாகை' என்று படித்தவர் மேல் ஒரு தவறும் இல்லை. ர-வுக்கும் காலுக்கும் நடுவில் இருக்கும் ஒரே வித்தியாசம் கீழே சாய்ந்து இறங்கும் அந்தச் சின்னக் கோடு. நீங்கள் எல்லாவற்றையும் நேர்கோடாகவும் ஒரே உயரமாகவும் ஆக்கும்போது அதை வெட்டிவிட்டீர்கள், சரிதானே? ஆங்கில ஏ-வில் குறுக்குக்கோட்டை எடுத்தால் வேறு எழுத்து ஆகிவிடாது, கொஞ்சம் யோசித்தால் ஏ என்று தெரிந்துவிடும். தமிழில் ர-வின் காலை எடுத்தால் அது முழுமையாக இன்னொரு குறி. அதிலும் உங்கள் சொல்லில் கால் முதலில் வந்து அதற்குப் பக்கத்திலேயே ர நிற்கிறது. இரண்டும் ஒட்டி நின்று ஒன்றையொன்று காட்டிக்கொடுக்க வேண்டிய இடம் அது. ர-வின் சாய்வுக்கோட்டை நன்றாக, தடியாக, எழுத்துகள் நிற்கும் அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கும்படி வரையுங்கள். ஒரு விண்கலம் கிளம்பும்போது விடும் தீப்பிழம்பு மாதிரிகூட அதை வைக்கலாம், உங்கள் தலைப்பின் அடையாளம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பொதுவாகத் தமிழ் எழுத்தைத் தடியாகவும் சதுரமாகவும் ஆக்கும்போது மூன்று இடத்தில் உடையும். முதலில் சுழிகள். இரண்டு சுழி ன, மூன்று சுழி ண: தடிமன் ஏறினால் சுழிக்குள் இருக்கும் வெள்ளை அடைந்துபோகும், அடைந்தால் எத்தனை சுழி என்று எண்ண முடியாது. சுழிகள் பக்கவாட்டில் அடுக்கியிருப்பதால் எழுத்தை அகலமாக்கினால் தப்பிக்கலாம், இதில் எதிர்கால பாணியின் அகலம் நமக்கு உதவிதான். இரண்டாவது மேல்விலங்கு. கி-யும் கீ-யும் அந்த விலங்கின் முனையில் இருக்கும் சுழியால்தான் பிரிகின்றன. எல்லா எழுத்தும் ஒரே உயரம் என்று பிடிவாதம் பிடித்தால் விலங்குக்கு இடமே இருக்காது, ஆகவே மேலே இடம் விட்டுத்தான் ஆக வேண்டும். மூன்றாவது ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும், கெ-யும் கே-யும். கொம்பின் மேல்சுழி சதுரமாகிக் கறுத்துவிட்டால் குறிலும் நெடிலும் ஒன்றாகிவிடும்.

புள்ளியை மறக்காதீர்கள். அது எழுத்தோடு ஒட்டினால் புள்ளியே இல்லாதது போல் ஆகும். தடித்த எழுத்தில் புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவில் குறைந்தது ஒரு சுழியின் உள்வெளி அளவுக்காவது வெள்ளை வேண்டும். புள்ளியையும் உருண்ட சதுரமாக வரையலாம், அழகாகவே இருக்கும்.

தமிழுக்கு இந்தப் பாணி ஒத்துவராது என்று சிலர் சொல்வார்கள், நான் ஏற்க மாட்டேன். ட, ப, ம, ய எல்லாம் பாதிக்கு மேல் நேர்கோடுதான். கல்வெட்டில் இருக்கும் தமிழி எழுத்துகளைப் பாருங்கள், கோடும் மூலையுமாக எவ்வளவு இறுக்கமாக நிற்கின்றன. வளைவு பின்னால் வந்தது. எதிர்கால பாணிக்கு ஒரு தமிழ்த் தலைப்பு வரைய உட்காரும்போது நான் முதலில் அந்தக் கல்லெழுத்துகளைத்தான் விரித்து வைப்பேன்.

விண்கோடு:
மூன்றுசுழி, ர-வைப் பற்றி நீங்கள் சொன்னதை இரண்டு முறை படித்தேன். ஆமாம், வெட்டியது நான்தான், அடியில் எதுவும் தொங்கக் கூடாது என்று நினைத்தேன். இன்று மறுபடி வரைகிறேன். மெனுவில் வரும் மற்ற தமிழ்ச் சொற்களுக்கு என்ன போடலாம்? அவ்வளவையும் என்னால் வரைய முடியாது.

மூன்றுசுழி:
அனெக் தமிழ் எடுங்கள். ஏக் டைப் குழு செய்தது, ஒரே கோப்பில் தடிமனையும் அகலத்தையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கலாம். அகலத்தை 125-க்கும் தடிமனை 700 பக்கமும் வைத்தால் உங்கள் டைட்டிலுக்குத் தம்பி மாதிரி இருக்கும். சுழிகளும் நன்றாகத் திறந்திருக்கும். பத்திக்கு அதையே சாதாரண அகலம், 400 தடிமன். ஆங்கிலத்துக்கு அதற்குள்ளேயே எழுத்துகள் உண்டு.

கத்திமுனை:
ஸ்டிக்கர் வெட்டும் தொழிலில் இருக்கிறேன், திரைக்கு வெளியே இந்த எழுத்துகள் படும் பாடு எனக்குத்தான் தெரியும். டைட்டிலை டி-ஷர்ட், ஸ்டிக்கர் என்று போடப்போகிறீர்கள் என்றால் இப்போதே யோசித்துவிடுங்கள்.

ஒருமுறை ஒரு வாடிக்கையாளர் இதே வகை எழுத்தில் ஒரு பெயர் கொண்டுவந்தார், எழுத்துக்குள் மயிரிழை மாதிரி வெட்டுகள் போகும், ஸ்டென்சில் பாணி. திரையில் அற்புதமாக இருந்தது. சிறிய அளவில் வினைலில் வெட்டி, வேண்டாத பகுதியை உரிக்கும்போது அந்த மெல்லிய கீற்றுகளோடு சேர்ந்து எழுத்தும் எழும்பி வந்துவிட்டது, பாதி இரவு உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாக ஒட்டினேன். இப்போதெல்லாம் வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே மிகச் சிறிய அளவில் அந்தக் கீற்று எத்தனை மில்லிமீட்டர் வருகிறது என்று அளந்து பார்க்கிறேன். 1 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் கீற்றை அகலமாக்கச் சொல்வேன், அல்லது அந்த அளவுக்கு மட்டும் கீற்றில்லாத வடிவம் கேட்பேன்.

மூன்று தனிக் கோடாக நிற்கும் ஈ எழுத்தும் அப்படித்தான். வினைலில் அவை மூன்று தனித் துண்டுகள், ஒன்று கோணலாக ஒட்டினாலும் தெரியும். எம்பிராய்டரியில் இன்னும் மோசம், நூல் பரவி நடுவில் உள்ள வெள்ளை மூடிவிடும். உங்கள் 'தாரகை'யில் ஈ இல்லை, தப்பித்தீர்கள்.

மற்றபடி தடித்த எழுத்து என்றால் எனக்குச் சந்தோஷம்தான். வண்டியின் பக்கவாட்டில், தூரத்தில் இருக்கும் பலகையில், மேடைப் பின்னணியில் அதற்கு ஈடு கிடையாது.

உரிமப்பக்கம்:
எல்லோரும் வடிவத்தைப் பேசுகிறீர்கள், நான் சலிப்பான பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். விண்கோடு, அந்த ஃபான்ட் எங்கிருந்து எடுத்தது, கூடவே வந்த உரிமக் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது? இந்தப் பாணியில் இலவசமாகக் கிடைப்பவற்றில் நிறைய 'தனிப்பட்ட உபயோகத்துக்கு மட்டும்' வகை. விற்கப்போகும் விளையாட்டுக்கு அது செல்லாது. காசு கொடுத்து வாங்கியதாக இருந்தாலும், கணினியில் வைத்து வடிவமைக்கும் உரிமம் வேறு, விளையாட்டுக் கோப்புக்குள் ஃபான்டையே வைத்து அனுப்பும் உரிமம் வேறு. டைட்டிலைப் படமாக மட்டும் வைத்தால் பெரும்பாலும் முதல் வகையே போதும், ஆனாலும் லோகோவுக்குத் தனி நிபந்தனை இருக்கிறதா என்று வாசியுங்கள்.

ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் வந்தவை என்றால் தலைவலி குறைவு. ஆர்பிட்ரான், மிக்ரோமா, ஆடியோவைட் எல்லாம் அந்த வகை, மேலே சொன்ன எக்ஸோ 2, ரஜ்தானி, அனெக் தமிழும் அப்படியே. விளையாட்டோடு சேர்த்து அனுப்பலாம், விற்கலாம், திருத்தலாம். ஃபான்டை மட்டும் தனியாக விற்கக் கூடாது. திருத்திய ஃபான்டை வெளியிட்டால் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும், மூலப் பெயரை ஒதுக்கி வைத்திருந்தால் வேறு பெயரும் வைக்க வேண்டும்.

விண்கோடு:
பார்த்துவிட்டேன். நல்லவேளை, ஓப்பன் லைசென்ஸ்தான். என் நண்பன் ஏற்கெனவே மெனுவுக்காக 'போல்ட்' என்று ஒரு தடிமன் போட்டிருந்தான், ஃபான்டில் அப்படி ஒரு கோப்பே இல்லை. இருந்தும் எப்படியோ இன்னும் தடியாகத் தெரிந்தது, அது எப்படி?

வேகமானி:
பல மென்பொருள்கள் கோப்பு இல்லாவிட்டால் தாங்களே எழுத்தின் ஓரத்தை ஊத வைத்துத் தடியாக்கிவிடும். ஏற்கெனவே தடித்த எழுத்தை மேலும் ஊத வைத்தால் உள்வெளி முழுக்கப் போகும். இணையப் பக்கத்திலும் இதே கதைதான், அங்கே 'ஃபான்ட் சிந்தசிஸ்' என்ற அமைப்பை 'நன்' என்று வைத்துத் தடுக்கலாம். உங்கள் என்ஜினிலும் அந்தப் போல்ட் குறியை எடுத்துவிடுங்கள்.

நள்ளிரவுக்குறி:
விண்கோடு, புது ர-வோடு தலைப்பைப் போடுங்கள், பார்க்க ஆவலாக இருக்கிறது.

விண்கோடு:
வரைந்துவிட்டேன். ர-வின் கோடு அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கி, பக்கத்தில் இருக்கும் 'கை' என்ற எழுத்தின் அடிவரை சாய்வாகப் போகிறது. நேற்று 'தாாகை' என்று படித்தவரிடமே காட்டினேன், ஒரே பார்வையில் சரியாகப் படித்தார். ஆங்கிலத்தில் முதல் ஏ-வுக்கு மட்டும் குறுக்குக்கோடு. சாய்வை 12-இலிருந்து 8 டிகிரியாகக் குறைத்து மூலைகளைத் திருத்தினேன், அது மட்டும் மூன்று மணி நேரம் ஆனது.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. எழுத்தைச் சுற்றி நீல ஒளி, மேலே குரோம் பளபளப்பு இரண்டும் வைத்திருக்கிறேன். தமிழில் த எழுத்தின் உள்ளே மட்டும் ஏதோ கலங்கலாகத் தெரிகிறது, ஆங்கிலத்தில் அப்படி இல்லை.

எழுத்தாணி:
ஒளி வெளியே மட்டும் பரவுவதில்லை, எழுத்தின் உள்வெளிக்குள்ளும் நாலா பக்கமிருந்தும் வந்து சேரும். த-வின் உள்ளே இடம் குறுகல், அதனால் நாலு பக்க ஒளியும் கலந்து எழுத்தின் நிறத்துக்கே கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. ஒளியைத் தனி அடுக்காக வைத்து, உள்வெளிகளை மட்டும் மறைத்து நீக்குங்கள், வெளியே எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும். குரோமுக்கு முன்னால் ஒருமுறை எல்லா அலங்காரத்தையும் அணைத்து வெறும் கறுப்பு-வெள்ளையில், கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். விளையாட்டுக் கடைப் பக்கத்தில் உங்கள் தலைப்பு அந்த அளவில்தான் முதலில் தெரியப்போகிறது.

விண்கோடு:
அப்படியே செய்தேன். நகம் அளவில் த-வும் ர-வும் நிற்கின்றன, கை-யின் கொம்பு மட்டும் இரண்டு சுழியும் ஒட்டிக்கொள்கிறது. அதை இன்னும் அரைக்கோடு அகலமாக்கிவிட்டு நாளைக்குப் படத்தைப் போடுகிறேன்.